சொந்த டிரக் ஓட்டுபவர் லாபமான வழித்தடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: அமெரிக்கச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

சொந்த டிரக் வாங்கி, வண்டி தேடும் சரக்குகளைப் பட்டியலிடும் இணையதளமான லோடு போர்டைத் திறக்கும் புதியவரின் கண் ஒரே ஓர் எண்ணின் மேல்தான் நிற்கும்: மைலுக்கு எத்தனை டாலர். மூன்று டாலருக்கு மேல் தெரிந்தால் கை தானாகப் போனை எடுக்கிறது. அந்த லோடு வண்டியை எந்த ஊரில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கிருந்து கிளம்ப எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விகள் சரக்கை இறக்கிய பிறகுதான் வருகின்றன.

வழித்தடத்தை ஒரு சுற்றாகப் பாருங்கள். நல்ல லோடு கிடைக்கும் ஊரில் தொடங்கி, மறுபடியும் நல்ல லோடு கிடைக்கும் ஊரில் வந்து நிற்கும்வரை ஒரு சுற்று. அது முடியும்போது நாளொன்றுக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதே அளவுகோல். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதின் விடையைக் கேட்கும்.

53 அடி டிரை வேன் (குளிரூட்டாத மூடிய பெட்டி) டிரெய்லரும், சொந்தப் பெயரில் சரக்கு ஏற்ற அரசு தரும் அனுமதியான ஆத்தாரிட்டியும் உள்ளவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ரீஃபர் (குளிரூட்டிய பெட்டி), ஃபிளாட்பெட் (திறந்த தட்டு) ஓட்டுபவர்களுக்கும், வேறொரு நிறுவனத்தின் கீழ் லீஸில் ஓட்டுபவர்களுக்கும் கணக்கு முறை இதேதான்.

தொடங்கும் முன் தேவையானவை

கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், டீசல் ரசீதுகள், இன்ஷூரன்ஸ் பாலிசி, ஒரு விரிதாள். இவற்றோடு வழித்தட வாடகைச் சராசரியைக் காட்டும் ஒரு லோடு போர்டு சந்தாவும் வேண்டும். டி.ஏ.டி., டிரக்ஸ்டாப் இரண்டில் எதுவானாலும் சரி. மலிவான சந்தாவில் லோடு பட்டியல் மட்டும் வரும்; சராசரி வாடகை வராது. அந்தச் சராசரி இல்லாமல் நான்காம் படியைச் செய்ய முடியாது. இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

1. செலவை நாள், மைல் என்று இரண்டாகப் பிரியுங்கள்

எல்லாச் செலவையும் கூட்டி மொத்த மைலால் வகுத்து, 'என் செலவு மைலுக்கு இவ்வளவு' என்று சொல்வதுதான் பரவலான வழக்கம். வழித்தடம் தேர்ந்தெடுக்க அந்த எண் உதவாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் போகும் செலவு ஒன்று, ஓடினால் மட்டும் போகும் செலவு ஒன்று. இரண்டையும் கலந்துவிட்டால், ஒரு நாள் காத்திருந்ததன் விலை கண்ணிலேயே படாது.

நாள் செலவில் வருபவை: டிரக் தவணை, டிரெய்லர் தவணை, இன்ஷூரன்ஸ், பணி நேரத்தைப் பதியும் இ.எல்.டி. கருவியின் சந்தா, பார்க்கிங், கணக்காளர் கட்டணம், நம்பர் பிளேட், ஆண்டு வரிகள். 75,000 பவுண்டுக்கு மேல் பதிவான வண்டிக்குக் கனரக வாகன வரி மட்டும் ஆண்டுக்கு 550 டாலர். இவற்றை மாதத்துக்குக் கூட்டி, உண்மையில் வேலை செய்யும் நாட்களால் வகுக்க வேண்டும். முப்பதால் வகுப்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

மைல் செலவில் வருபவை: டீசல், டி.இ.எஃப். (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்), டயர், ஆயில், பழுது. புது வண்டி என்பதால் பழுதுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். இன்று செலவாகாத பணம் பின்னொரு நாள் மொத்தமாகச் செலவாகும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வரி: உங்கள் சொந்தச் சம்பளம். இதே வேலையை ஒரு நிறுவனத்தில் செய்தால் நாளுக்கு என்ன கிடைக்குமோ அதை நாள் செலவில் சேருங்கள். சேர்க்காவிட்டால், கூலி வாங்காமல் வேலை செய்வதை லாபம் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் கணக்குக்காக ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்கிறேன். மாத நிலைச் செலவு 4,500 டாலர், வேலை நாள் 22. நாளுக்கு 205 டாலர் வருகிறது. சொந்தச் சம்பளம் 280. ஆக நாள் செலவு 485 டாலர். டீசல் கேலன் 3.90 டாலர், கேலனுக்கு 6.5 மைல் என்றால் மைலுக்கு 60 சென்ட். டயரும் பராமரிப்பும் 25 சென்ட். ஆக மைல் செலவு 85 சென்ட். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முறை மாறாது.

விடை சரியா என்று ஒப்பிட ஒரு அளவு இருக்கிறது. அமெரிக்கன் டிரான்ஸ்போர்ட்டேஷன் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் 2023ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட சராசரி இயக்கச் செலவு, ஓட்டுநர் சம்பளம் உட்பட, மைலுக்கு 2.27 டாலர். தனி வண்டிக்காரருக்கு அதைவிடக் குறையலாம். ஆனால் உங்கள் மொத்தம் 1.20 என்று வந்தால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

2. போக முடியாத இடங்களையும் போகக் கூடாத இடங்களையும் முதலில் நீக்குங்கள்

வாடகையைப் பார்த்த பிறகு இதைச் செய்தால் மனம் சமாதானம் தேடும். அதனால் இப்போதே செய்யுங்கள்.

கலிஃபோர்னியாவுக்குள் ஓடும் கனரக டீசல் வண்டிக்கு 2023 ஜனவரி முதல் 2010 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் எஞ்சின் வேண்டும். அந்த மாநிலத்தின் புகைச் சோதனைத் திட்டமான கிளீன் டிரக் செக்கில் பதிவும் வேண்டும். அங்கே டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் கிங்பின்னிலிருந்து பின் அச்சு வரை 40 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் உண்டு. டேண்டமை (பின் இரட்டை அச்சை) நகர்த்தாமல் நுழைபவர்கள் எடை நிலையத்தில் மாட்டிக்கொள்வது வாடிக்கை.

ஓரிகன், நியூ மெக்சிகோ, நியூயார்க், கென்டக்கி ஆகிய மாநிலங்கள் எடையையும் மைலையும் வைத்துத் தனி வரி வாங்குகின்றன. 2023 முதல் கனெக்டிகட்டும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஓரிகனில் இது டீசல் வரிக்குப் பதிலாக; மற்றவற்றில் டீசல் வரிக்கு மேற்பட்டது. அந்த மாநிலங்கள் வழியாகப் போகும் தடத்தின் மைல் செலவில் இதைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தனிப் பதிவும் தேவை.

குளிர்காலத்தில் வயோமிங்கின் ஐ-80 காற்றுக்கும் பனிக்கும் அடிக்கடி மூடப்படும். கொலராடோவின் ஐ-70இல் டாட்செரோவுக்கும் மோரிசனுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை வணிக வாகனங்கள் சங்கிலி வைத்திருக்க வேண்டும். சங்கிலி மாட்டிப் பழகாதவர் முதல் குளிர்காலத்தில் அந்தத் தடங்களைத் தள்ளிவைப்பது கோழைத்தனம் ஆகாது. சாலை மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் 485 டாலர்.

புதிய ஆத்தாரிட்டி உள்ளவருக்கு இன்னொரு வேலி உண்டு. சரக்கு அனுப்புபவருக்கும் வண்டிக்காரருக்கும் இடையே நிற்கும் புரோக்கர்களில் பலர் முதல் சில மாதங்களுக்கு லோடு கொடுப்பதே இல்லை. சட்டப்படி பொதுச் சரக்குக்கு 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு போதும். ஆனால் புரோக்கர்கள் கேட்பது 10 லட்சம் டாலரும், அதோடு 1 லட்சம் டாலர் சரக்குக் காப்பீடும். உங்களுக்கு லோடு தரக்கூடிய புரோக்கர்கள் எந்த ஊர்களில் அதிகம் என்பதே முதல் ஆறு மாத வரைபடத்தைத் தீர்மானிக்கும்.

3. சரக்கு கிளம்பும் ஊரையும் சரக்கு முடியும் ஊரையும் பிரித்தறியுங்கள்

ஒவ்வொரு சந்தையிலும் வெளியே போகும் சரக்கும் உள்ளே வரும் சரக்கும் சமமாக இருப்பதில்லை. தொழிற்சாலை, துறைமுகம், பெரிய கிடங்குகள் உள்ள ஊர் சரக்கை அனுப்பும். மக்கள் மட்டும் நிறைந்த ஊர் வாங்கிக்கொள்ளும். வாடகையின் ஏற்ற இறக்கத்தில் பெரும் பகுதி இந்தச் சமமின்மையிலிருந்துதான் பிறக்கிறது.

தெற்கு ஃபுளோரிடா இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அங்கே போகும் லோடுகளுக்கு நல்ல வாடகை. திரும்பும் லோடுகளுக்கு டீசல் காசு வந்தாலே பெரிது என்ற நிலை. புரோக்கர் தாராளமாக இருப்பதால் வாடகை ஏறவில்லை. அங்கே போன வண்டி நஷ்டத்தில் திரும்பும் என்பது சந்தைக்குத் தெரியும். அதனால் திரும்பும் செலவையும் போகும்போதே கொடுத்துவிடுகிறது. டென்வரும் இப்படித்தான்: நகருக்குள் சரக்கு வரும், வெளியே போவது குறைவு, அடுத்த பெரிய சந்தையோ பல நூறு மைல் தள்ளி.

எதிர்ப்பக்கம் அட்லாண்டா, டல்லஸ், சிகாகோ, மெம்ஃபிஸ் போன்ற கிடங்கு நகரங்கள். லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகச் சரக்கைப் பிரித்து அனுப்பும் கலிஃபோர்னியாவின் ஆன்டாரியோ பகுதி, மெக்சிகோ எல்லையில் உள்ள லரேடோ ஆகியவையும் இதில் சேரும். இங்கே லோடு நிறைய உண்டு. வண்டியும் நிறைய உண்டு. லோடு அதிகம் என்பதாலேயே வாடகை அதிகம் என்று நினைக்காதீர்கள். லரேடோவில் ஒரே லோடுக்கு எத்தனை வண்டிகள் போட்டி போடுகின்றன என்பதை ஒரு காலைப் பொழுது பார்த்தாலே புரிந்துவிடும்.

பார்க்க வேண்டியது லோடுக்கும் வண்டிக்கும் உள்ள விகிதத்தை. லோடு போர்டுகள் அதைச் சந்தை வாரியாக வண்ண வரைபடமாகக் காட்டுகின்றன. ஒரே நாள் நிறத்தை நம்பாமல், இரண்டு மூன்று வாரம் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் பாருங்கள். திங்கட்கிழமை காலைக்கும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கும் ஒரே சந்தை இரண்டு ஊர்போலத் தெரியும்.

4. திரும்பும் லோடை முதலில் தேடுங்கள்

புதியவர்கள் தலைகீழாகச் செய்வது இந்தப் படியைத்தான். போகும் லோடை உறுதி செய்துவிட்டு, இறக்கும்போது ரிட்டர்ன் லோடு தேடுகிறார்கள். அப்போது பேரம் பேசும் பலம் முழுவதும் எதிராளியிடம் இருக்கும். வண்டி காலி, ஊர் புதிது, பார்க்கிங் இல்லை. புரோக்கர் சொன்னதுதான் விலை.

ஒரு தடத்தைப் பரிசீலிக்கும்போது, நீங்கள் ஏற்கெனவே அங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு லோடு போர்டில் தேடுங்கள். சென்றடையும் ஊரைத் தொடக்கமாகப் போட்டு, 75 மைல் சுற்றளவில், உங்கள் டிரெய்லர் வகைக்கு, நாளைய தேதியில் எத்தனை லோடுகள் இருக்கின்றன? அவற்றில் எத்தனை நீங்கள் போக விரும்பும் திசையில்? சராசரி வாடகை என்ன?

பட்டியலில் இருக்கும் எல்லாம் உண்மையான லோடுகள் என்று எண்ண வேண்டாம். ஒரே லோடை நான்கு புரோக்கர்கள் போட்டிருப்பார்கள். காலையிலேயே போய்விட்ட லோடு மாலைவரை கிடக்கும். ஒரே புறப்பாடு, ஒரே எடை, ஒரே தேதி உள்ளவற்றை ஒன்றாக எண்ணுங்கள்.

நேரே திரும்ப வழியில்லை என்றால் முக்கோணம் போடுங்கள். பலவீனமான ஊரிலிருந்து வீட்டுக்கு நேராக வராமல், பக்கத்தில் உள்ள வலுவான சந்தைக்குக் குறுகிய லோடு ஒன்றில் நகர்ந்து, அங்கிருந்து வீடு திரும்புவது. சில சமயம் 100 மைல் காலியாக ஓட்டி வலுவான சந்தைக்குப் போவதே சரியான முடிவு. மாதிரி வண்டிக்கு அந்த 100 மைலின் விலை 85 டாலர். ஒரு நாள் காத்திருப்பின் விலை 485. காலி மைலை வெறுக்கும் அளவுக்குக் காலி நாளை வெறுக்காதவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

5. சுற்று முழுவதையும் கணக்கிடுங்கள்

அட்லாண்டாவில் நிற்கும் மாதிரி வண்டிக்கு இரண்டு வாய்ப்புகள். வாடகை எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை; தூரங்கள் ஏறத்தாழ உண்மையானவை.

முதல் சுற்று அட்லாண்டாவிலிருந்து மயாமி, 660 மைல், மைலுக்கு 3.10 டாலர். வாடகை 2,046. திரும்பும் லோடு மைலுக்கு 1.25 டாலர், 825. அதை எடுக்க ஒரு நாள் காத்திருப்பு, மொத்தம் 100 மைல் காலி ஓட்டம். நான்கு நாள், 1,420 மைல், வருமானம் 2,871. மைல் செலவு 1,207, நாள் செலவு 1,940, ஆக 3,147. விளைவு 276 டாலர் நஷ்டம்.

இரண்டாவது ஒரு முக்கோணம். டல்லஸுக்கு 780 மைல், 2.15 வீதம் 1,677. டல்லஸிலிருந்து மெம்ஃபிஸ் 450 மைல், 2.20 வீதம் 990. மெம்ஃபிஸிலிருந்து அட்லாண்டா 390 மைல், 2.40 வீதம் 936. காலி ஓட்டம் 90 மைல். ஐந்தாம் நாள் காலை இறக்கி அன்றே அடுத்த லோடு ஏற்றுவதால் நான்கு நாள் கணக்கு. 1,710 மைல், வருமானம் 3,603. மைல் செலவு 1,454, நாள் செலவு 1,940, ஆக 3,394. உங்கள் சம்பளம் போக மிஞ்சுவது 209 டாலர், நாளுக்கு 52.

மூன்று டாலர் லோடு நஷ்டம். இரண்டரையைத் தொடாத மூன்று லோடுகள் லாபம். முதல் சுற்றைக் கெடுத்தது குறைந்த திரும்பும் வாடகையும் அந்த ஒரு நாள் காத்திருப்பும் சேர்ந்துதான். காத்திருப்பு இல்லையென்றால் அதே சுற்று 209 டாலர் லாபத்தில் முடிந்திருக்கும், அதுவும் மூன்றே நாளில், நாளுக்கு 70. அதாவது மயாமியை ஒதுக்கச் சொல்லவில்லை. மறுநாளே கிளம்பும் ரிட்டர்ன் லோடு கையில் இருந்தால் அந்தத் தடம் முக்கோணத்தையே வெல்லும். இல்லாமல் போகாதீர்கள்.

விரிதாளில் நிரல்கள் இவ்வளவு போதும்: லோடு மைல், காலி மைல், நாட்கள், வாடகை, டோல், மைல் செலவு, நாள் செலவு, நாளொன்றுக்கு மிச்சம். நாட்களை அரை நாள் துல்லியத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் கடைசி நிரலை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

6. கடிகாரத்தோடு பொருத்திப் பாருங்கள்

தாளில் லாபம் காட்டும் சுற்று, பணி நேர விதிக்குள் அடங்காமல் போகலாம். 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரச் சாளரம். அதற்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டிய பிறகு 30 நிமிட இடைவேளை. எட்டு நாளில் 70 மணி நேரப் பணி. அதை மீட்டெடுக்க 34 மணி நேரத் தொடர் ஓய்வு.

14 மணி நேரச் சாளரம் ஏற்றும் இடத்தில் காத்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, கிடங்கில் ஐந்து மணி நேரம் நின்றால், இடைவேளை போக ஓட்ட மிஞ்சுவது எட்டரை மணி நேரம். அன்று 600 மைல் போட்டிருந்தால் மறுநாள் இறக்கும் நேரம் தவறும்; அதை நம்பி எடுத்த ரிட்டர்ன் லோடும் தவறும். 10 மணி நேர ஓய்வை இரண்டாகப் பிரித்து எடுக்கும் ஸ்லீப்பர் பிரிப்பு முறை சில சமயம் காப்பாற்றும். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாமல், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் போடும்போது நாளுக்கு 450 முதல் 500 மைல் என்று வையுங்கள். நேரம் குறித்த இறக்கம் எத்தனை, முதலில் வருபவர் முதலில் என்ற முறை எத்தனை என்று பாருங்கள். மளிகைக் கிடங்குகள் காத்திருப்புக்குப் பேர்போனவை. இறக்கும் கூலியான லம்பர் கட்டணமும் அங்கேதான் வரும். அந்தக் கட்டணத்தை யார் தருவது என்பது வாடகை உறுதிச் சீட்டில் இருக்க வேண்டும்.

காத்திருப்புக்கு விலை போடத் தெரிந்திருக்க வேண்டும். நாள் செலவு 485ஐ 14ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 35 டாலர். வழக்கமாக முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதற்குமேல் டிடென்ஷன் கட்டணம். கிடங்குக்குள் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் எழுதி வாங்கப்படாவிட்டால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் கிடைக்காது.

7. டீசல், டோல், தூரம்: மூன்றிலும் உள்ள கண்கட்டு

புரோக்கர் சொல்லும் மைலும் உங்கள் ஓடோமீட்டர் காட்டும் மைலும் ஒன்றாக இருக்காது. பலர் பயன்படுத்தும் குறுந்தூர மைல் அட்டவணை, டிரக் போகக் கூடாத சாலைகளைத் தவிர்த்துச் சுற்றி வருவதைக் கணக்கில் கொள்வதில்லை. அதனால் மைல் விலையைக் கேட்டு மகிழாமல் மொத்தத் தொகையைக் கேளுங்கள். உங்கள் டிரக் ஜி.பி.எஸ். காட்டும் தூரத்தால் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

டீசலில் பம்ப் விலை முழு உண்மையைச் சொல்லாது. மாநிலங்கள் டீசல் வரியைப் பகிர்ந்துகொள்ளும் இஃப்டா உடன்படிக்கைப்படி, எங்கே நிரப்பினாலும், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினீர்களோ அந்த மாநிலத்துக்குத்தான் டீசல் வரி போகும். பம்பில் கட்டிய வரி காலாண்டுக் கணக்கில் வரவாக வந்துவிடும். எனவே ஒப்பிட வேண்டியது வரி நீக்கிய விலையை. ஓர் உதாரணம்: ஒரு மாநிலத்தில் பம்ப் விலை 3.90, அதில் வரி 60 சென்ட், அடுத்ததில் 3.70, வரி 20 சென்ட். வரி நீக்கினால் 3.30, 3.50. விலை அதிகம் என்று தெரிந்த முதல் பம்ப்தான் மலிவு.

எடையும் மேடும் மைலேஜைத் தின்னும். மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு. டேண்டம் அச்சுக்கு 34,000. வரம்பைத் தொடும் லோடோடு ராக்கி மலைகளைக் கடந்தால் 6.5 மைலேஜ் 5.5 ஆகலாம், மாதிரி வண்டிக்கு மைலுக்கு 11 சென்ட் கூடுதல். ஒரே வாடகைக்கு 20,000 பவுண்டு லோடும் 44,000 பவுண்டு லோடும் இருந்தால் எதை எடுப்பது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எடையைக் கேட்காமலேயே ஒப்புக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டோலைத் தனி நிரலாக வையுங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் ஐந்து அச்சு வண்டிக்கு 100 டாலருக்கு மேல் போகும். அது நியூயார்க் நோக்கிப் போகும் திசையில் மட்டும் வாங்கப்படுவதால், ஒரே தடத்தின் இரண்டு திசைக்கும் டோல் ஒன்றல்ல. பென்சில்வேனியா டர்ன்பைக்கும் பணப்பையைப் பதம் பார்க்கும்.

8. பருவத்தைத் தடத்தோடு சேர்த்துக் குறியுங்கள்

பலவீனமான சந்தை ஆண்டு முழுவதும் பலவீனமாக இருப்பதில்லை. ஃபுளோரிடாவில் வசந்தகாலக் காய்கறி, பழ அறுவடை வரும்போது அதே மயாமியிலிருந்து வெளியேறும் வாடகை ஏறும். அதையடுத்துக் கோடையின் தொடக்கத்தில் ஜார்ஜியா. இலைக் காய்கறிகள் கோடையில் கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்தும், குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமாவிலிருந்தும் வரும். நொகாலஸ் எல்லை வழியே மெக்சிகோ காய்கறி குளிர்காலத்தில் குவியும்.

டிரை வேன்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மற்ற காலங்களில் உலர் சரக்கையும் எடுத்துக்கொண்டிருந்த ரீஃபர்கள் அறுவடைக்குப் போய்விடும். அந்தப் பகுதியில் வண்டி குறையும். டிரை வேன் வாடகையும் உயரும்.

மே மாதம் வழக்கமாக நடக்கும் மூன்று நாள் இன்டர்நேஷனல் ரோட்செக் சோதனையின்போது பல வண்டிகள் வீட்டில் நின்றுவிடும். ஓடுபவர்களுக்கு வாடகை கூடும். வண்டி சரியாக இருந்தால் அந்த வாரம் ஓடுங்கள். பருவ உச்சத்தில் பார்த்த வாடகையை வைத்து ஆண்டுத் திட்டம் போடுவது மட்டும் வேண்டாம்.

9. புரோக்கரைச் சரிபார்த்து, பிறகு பேசுங்கள்

நல்ல தடத்தில் பணம் தராத புரோக்கர் இருந்தால் அது நல்ல தடமே இல்லை. டிரக் தொழிலைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் பதிவில் ஆத்தாரிட்டி செயலில் உள்ளதா, 75,000 டாலர் உத்தரவாதப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். லோடு போர்டில் கடன் மதிப்பீட்டையும் பணம் தரும் சராசரி நாட்களையும் பாருங்கள். பிறகு அரசுப் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். மின்னஞ்சலில் வந்த எண்ணை நம்பாதீர்கள். ஒரு லோடைத் திருட்டுத்தனமாக இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்யும் மோசடியில், சரக்கைச் சுமந்தவருக்குக் கடைசியில் பணம் வராது.

பணம் வரும் நாளும் தடத்தின் செலவுதான். முப்பது நாள் காத்திருக்க முடியாமல் பில்லை, உடனே பணம் தரும் ஃபேக்டரிங் நிறுவனத்துக்கு விற்றால் அந்தச் சதவீதம் வாடகையிலிருந்து போகும். 2,000 டாலர் லோடில் 3 சதவீதம் என்றால் 60 டாலர்; முக்கோணத்தில் ஒரு நாள் மிச்சத்தைவிட அதிகம்.

பேரத்தில் முதலில் எண்ணைச் சொல்லாதீர்கள். லோடு எத்தனை மணிக்குத் தயார், எடை என்ன, எவ்வளவு நாளாகப் போர்டில் இருக்கிறது என்று கேளுங்கள். அன்றைய மாலைக்குள் கிளம்ப வேண்டிய லோடும் மூன்று நாள் கழித்துக் கிளம்பும் லோடும் ஒரே விலைக்குப் போகத் தேவையில்லை. 'வேண்டாம்' என்று சொல்லும் தொகையை அழைக்கும் முன்பே விரிதாளில் பார்த்து வையுங்கள். போனில் கணக்குப் போடுபவர் தோற்பார்.

வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்ட டிடென்ஷன், லோடு ரத்தானால் தரும் தொகை, லம்பர் ஆகியவை வாடகை உறுதிச் சீட்டில் இல்லையென்றால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.

10. சில சுற்றுகள் ஓட்டி, பிறகு முடிவெடுங்கள்

வரிசையில் முதலிடம் வந்த இரண்டு அல்லது மூன்று தடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சில சுற்றுகள் ஓடுங்கள். ஒரு சுற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு டயர் வெடிப்பே நல்ல தடத்தைக் கெட்டதாகக் காட்டும். எட்டுத் தடங்களைத் தொட்டுத் தொட்டு விடுவதும் வேண்டாம். எந்தக் கிடங்கு தாமதிக்கும், இரவு பார்க்கிங் எங்கே, எந்தப் புரோக்கரிடம் ரிட்டர்ன் லோடு இருக்கும் என்பதெல்லாம் திரும்பத் திரும்பப் போனால்தான் தெரியும். அந்த அறிவுதான் காத்திருப்பைக் குறைக்கிறது.

ஒவ்வொரு சுற்றுக்கும் திட்டமிட்ட நாள், ஆன நாள் இரண்டையும் எழுதுங்கள். வாடகையைவிட இந்த வித்தியாசம்தான் அதிகம் சொல்லும். திட்டத்தைவிடத் தொடர்ந்து அரை நாள் கூடினால், மாதிரி வண்டிக்கு அது ஒரு சுற்றுக்கு 242 டாலர். மேலே பார்த்த முக்கோணத்தின் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

11. தடத்தை நிலைப்படுத்துதல், விடுதல்

ஒரு தடம் தேறிவிட்டால், அடுத்த வேலை லோடு போர்டுக்கு வெளியே. ஒரே புரோக்கருக்கு நேரம் தவறாமல் பல முறை ஓட்டியிருந்தால், 'இந்தத் தடத்தில் வாரம் ஒரு நாள், இந்தக் கிழமையில் காலியாக இருப்பேன்' என்று எழுதி அனுப்புங்கள். போர்டில் ஏறும் முன்பே லோடு வரத் தொடங்கும். பலவீனமான முனைக்கு இதை முதலில் செய்யுங்கள். வலுவான முனையில் லோடு எப்படியும் கிடைக்கும்.

சரக்கு அனுப்பும் நிறுவனத்தை நேரடியாக அணுகும் முன், புரோக்கரோடு போட்ட ஒப்பந்தத்தைப் படியுங்கள். அவர் வழியாக அறிமுகமான வாடிக்கையாளரிடம் குறிப்பிட்ட காலம் நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும். பலவீனமான ஊரில் நீங்களே கண்டுபிடித்த சிறு தொழிற்சாலைக்கு அந்தத் தடை இல்லை. பெரிய நிறுவனங்கள் ஒற்றை வண்டிக்காரரைத் திரும்பிப் பார்க்காது. வாரம் ஒரு லோடு அனுப்பும் சிறு நிறுவனம் பார்க்கும்.

விடும் நேரத்தையும் முன்பே எழுதி வையுங்கள். தொடர்ந்து நான்கு வாரம் நாளொன்றுக்கான மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தடத்தை நிறுத்தி, மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். டீசல் விலையோ இன்ஷூரன்ஸ் தொகையோ மாறியிருந்தால் தொடக்கம் முதல் படியிலிருந்து.